ஐஸ்வாடி

இருபத்திரண்டு வருசமாய்
திருக்கடலூர்க் கரையில் ஐஸ் விற்கிறேன்.
கட்டி ஐஸ். மீனுக்கு.
விடியப்புறம் வள்ளங்கள் அணையும்போது
என் குரல்தான் முதலில் கேட்கும்:
ஐஸ், ஐஸ்.

இப்போது கூவுவதில்லை.
போன ஆவணியில்
சிவில் உடுப்பில் வந்த இரண்டு பேர்
பெட்டியைக் கவிழ்த்து
மரத்தூளுக்குள் கைவிட்டுத் தேடினார்கள்.
தூள் எங்கே என்றார்கள்.
இதுதான் தூள் என்றேன்.
ஒருவன் சிரித்துவிட்டான்.
மற்றவன் அறைந்தான்.

என்னுடைய இரண்டு சொல்லையும்
ஆரோ களவெடுத்து
சின்னச் சின்னப் பொலித்தீனில் கட்டி
பிள்ளைகளுக்கு விற்றுவிட்டார்கள்.

கமிட்டி தொடங்கியது அதனால் அல்ல.
தவமலர் அக்காவின் இடியப்ப உரல் களவுபோனதால்.
பித்தளை உரல். சீதனமாய் வந்தது.
எடுத்தவன் அவள் பெற்றவன்.
அதை அவளே எழும்பிச் சொன்னாள்,
சொல்லிவிட்டு
தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.
அதுவரை நாங்களெல்லாம்
அடுத்த ஒழுங்கைப் பொடியன்களைப் பற்றித்தான்
பேசிக்கொண்டிருந்தோம்.

துறைமுடக்கில் பல்பு போடுவதென்று முடிவு.
போட்டோம். மூன்றாம் நாள் கல்லெறிந்து உடைத்தார்கள்.
திரும்பவும் போட்டோம்.
ஏழாவது பல்போடு காசு முடிந்தது.
அப்ப கதிரையைப் போடுவம் என்றார்
ஓட்டோ ஓடுகிற மன்சூர்.
ஜமாலியாவில் இருந்து அவருடைய ஆட்களும் வந்தார்கள்.
அங்கேயும் இதே பல்பு, இதே கல்லு.

இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை
இருட்டில் இருந்தோம். வேறொன்றும் செய்யவில்லை.
லாம்பு வெளிச்சத்தில் தாயம் உருட்டினோம்,
கச்சான் தின்றோம்.
வாங்க வந்தவர்கள்
சொந்தப் பெரியம்மாவையும் கணக்கு வாத்தியையும் கண்டு
சைக்கிளைத் திருப்பினார்கள்.

பதினோராம் இரவு
இலக்கத்தகடு மடித்த மூன்று மோட்டார் சைக்கிள்.
முகத்தில் துணி.
வாளொன்று தார் ரோட்டை உரசிக்கொண்டு வந்தது.
எழும்பி ஓடத்தான் நினைத்தேன்,
முழங்கால் கேட்கவில்லை.
அதைத் துணிவு என்று இப்போது சொல்கிறார்கள்.

நடுவில் வந்தவனின் இடக்கை.
சுட்டுவிரலில் நுனி இல்லை.
அது என் வாடியில் போனது,
ஐஸ் உடைக்கிற உளி தவறி,
பதினாறு வயதில்.
துணி சுற்றிப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினது நான்.
பிறகு வேலைக்கு வராதே என்று
நிறுத்தினதும் நான்.

கிருசாந்தன் என்று கூப்பிடவில்லை.
பெயரைச் சொன்னால் வாள் இறங்கும்.
நாலரைக்கு லொறி வருது, ஆள் காணாது
என்றேன், ஆருக்கோ சொல்வதுபோல்.
தாயக்கட்டை கைக்குள் நனைந்திருந்தது.

மூன்று எஞ்சினும்
நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் உறுமின.
போகிற போக்கில்
தவமலரின் வெறுங்கதிரையை இரண்டாய் வெட்டிவிட்டு
கோட்டைப் பக்கம் போய்த் தேய்ந்தன.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்.
செவ்வாய் விடிய வந்தான்.
பல்லுக் கிட்டி, வியர்த்து,
உளியைப் பிடிக்க ஏலாமல்.
மரத்தூள் அள்ளக் கொடுத்தேன்.

கூலியைக் காசாய்க் கொடுப்பதா அரிசியாயா என்று
கமிட்டியில் இரண்டு மணித்தியாலச் சண்டை.
காசு எங்கே போகுமென்று தெரியும்தானே என்றார் மன்சூர்.
அரிசி குடுக்க அவன் என்ன அகதியா
என்றாள் தவமலர்.
அவளுடைய மகன் இன்னும் வரவில்லை.

காசுதான் கொடுத்தேன்.
வியாழன் ஆளில்லை. வெள்ளி வந்தான்.
கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறது.

இன்று சோளகம். கடல் தட்டை.
வள்ளங்கள் ஒவ்வொன்றாய் அணைய
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருக்க,
பெட்டிக்குப் பின்னாலிருந்து
கரகரத்த தொண்டையில்
ஒரேயொரு தரம்:
ஐஸ்.

கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அவன் குனிந்து
தட்டத் தேவையில்லாத மரத்தூளைத் தட்டினான்.

இரண்டு கட்டி என்று
விரல் காட்டியது முதல் வள்ளம்.